"ஜப்பான்காரன் காலத்தில் திருட்டே இல்லை": இரும்புக் கை சோறு போட்டதா?

லயத்துப்பிள்ளை | செவ்வாய், இரவு 9:40

போன சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் ஒரு கருமாதிக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு அரிசி விலையில் ஆரம்பித்து அரசியலுக்குப் போய்விட்டது. முப்பது வயது இருக்கும் ஒரு தம்பி, "இந்த நாட்டைத் திருத்த ஒரே ஆள் போதும், ஆனால் கை இரும்பாக இருக்க வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் கதவைத் திறந்து போட்டுத் தூங்கினோம், திருட்டே கிடையாது என்று எங்கள் தாத்தா சொல்லுவார்" என்றார். சண்டைக் காலத்தில், 1941 கடைசியிலிருந்து 1945 வரை, ஜப்பான் ராணுவம் மலாயாவை ஆண்டதைத்தான் சொன்னார். பந்தலில் பாதிப்பேர் ஆமாம் போட்டார்கள்.

கருமாதி வீட்டில் வாதம் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாளாகியும் மனசு ஆறவில்லை. என் தாத்தாவின் அண்ணன் 1943-இல் சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டவர். திரும்பி வரவில்லை. இறந்த நாள் தெரியாததால் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசையில் அவருக்கும் சேர்த்து ஓர் இலை போடுவோம். அந்த இலையைப் பார்த்து வளர்ந்தவனால் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

வயிறு காய்கிறபோதுதான் ஜனங்கள் இரும்புக் கையைத் தேடுகிறார்கள். அது புரிகிறது. தேடியது கிடைத்த பிறகு வயிறு நிறைந்ததா? போன நூற்றாண்டில் எத்தனையோ நாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. படித்தவர்களும் பெரியவர்களிடம் கேட்டவர்களும் எழுதுங்கள். கோபப்படாமல் பேசுவோம்.


செம்பனைக்காடு | செவ்வாய், இரவு 10:15

பந்தலில் பேசியது நான் இல்லை அண்ணே. ஆனால் நானும் அதே கட்சிதான், மறைக்க விரும்பவில்லை. நான் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கும்பிட்டுக்கொண்டு வருகிறார்கள், அப்புறம் ஆளைக் காணோம்.

வரலாற்றிலேயே உதாரணம் இருக்கிறது. ஜெர்மனியில் 60 லட்சம் பேர் வேலை இல்லாமல் நின்றார்கள். ஹிட்லர் வந்து சில வருடத்தில் வேலை கொடுத்தார். அவர் செய்த கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை, வேலை விஷயத்தை மட்டும் சொல்கிறேன். இந்தோனேசியாவில் 1966-இல் விலைவாசி 600 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. சுகார்த்தோ வந்து அடக்கினார். தென் கொரியா 1961-இல் நம்மைவிட ஏழை நாடு. பார்க் சுங் ஹீ 18 வருடம் ஒரே பிடியாகப் பிடித்தார். இன்று அவர்கள் செய்த போனில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

பசியோடு இருப்பவனுக்குப் பேச்சுச் சுதந்திரம் சோறு போடுமா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.


ஈப்போ ரோடு | செவ்வாய், இரவு 10:32

நல்ல கேள்வி தம்பி. டீச்சர் எங்கே? அவர் வந்தால்தான் ஜெர்மனி கணக்குத் தெளியும்.


வரலாறு டீச்சர் | புதன், காலை 6:50

வந்துவிட்டேன். இடைநிலைப்பள்ளியில் 27 வருடம் வரலாறு நடத்தினேன். இந்த 60 லட்சம் கணக்கை ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவன் எழுந்து சொல்லுவான். தவறில்லை. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெர்மனியில் பணம் காகிதமானது 1923-இல். அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். அதே மாதம் ஹிட்லர் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுச் சிறைக்குப் போனார். புதிய பணம் வந்து நிலைமை கொஞ்சம் சீரானதும் அவரைச் சீந்துவாரில்லை. 1928 தேர்தலில் அவர் கட்சிக்கு விழுந்தது 2.6 விழுக்காடு ஓட்டு.

1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த நேரத்தில் பிரதமராக இருந்த புரூனிங் சம்பளத்தை வெட்டினார், வேலையில்லாதவர்களுக்குக் கொடுத்த உதவியையும் வெட்டினார். நாடாளுமன்றம் மறுத்ததை ஜனாதிபதியின் அவசர ஆணையை வைத்து நிறைவேற்றினார். இதைக் கவனியுங்கள்: ஹிட்லர் வருவதற்கு முன்பே நாடாளுமன்றத்தைத் தாண்டிப் போகும் பழக்கம் வந்துவிட்டது. 1930-இல் ஹிட்லர் கட்சிக்கு 18.3, 1932 ஜூலையில் 37.3. லயத்துப்பிள்ளை சொன்னதுபோல் வயிறு காய்ந்தது, ஓட்டு நகர்ந்தது.

1933 ஜனவரி 30-இல் பதவி. மார்ச் 23-இல் நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் போடும் அதிகாரம். மே 2-ஆம் தேதி எல்லாத் தொழிற்சங்க அலுவலகங்களும் கைப்பற்றப்பட்டன, தலைவர்கள் உள்ளே. தொழிலாளர் தினத்தைத் தேசிய விடுமுறையாகக் கொண்டாடிவிட்டு மறுநாள் காலையில் அதைச் செய்தார்கள். அதன் பிறகு வேலை வந்தது உண்மை. பெரும்பகுதி ஆயுத ஆலையில் வந்த வேலை. யூதர்களை வேலையிலிருந்து விரட்டினார்கள், கல்யாணமான பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இடங்களையும் புதிதாகக் கொடுத்த வேலையாகத்தான் கணக்குக் காட்டினார்கள். கூலி போதவில்லை என்று கேட்க ஆள் கிடையாது. 1935, 1936-இலேயே வெண்ணெய்க்கும் கொழுப்புக்கும் தட்டுப்பாடு. 1945-க்குப் பிறகு அதே ஜெர்மானியர்கள் சிகரெட்டைப் பணமாக வைத்து உருளைக்கிழங்கு வாங்கினார்கள்.

தம்பி, பன்னிரண்டு வருடத்தில் முதல் ஐந்து வருடத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடக்கூடாது.


பெரியவர் வீடு | புதன், இரவு 8:05

நான் பேத்தி எழுதுகிறேன். தாத்தாவுக்குக் கண் சரியில்லை, இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதியது இது:

"ஜப்பான்காரன் வந்தபோது எனக்கு 7 வயது. ஒரு நாள் ராத்திரி எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறித் தெற்கே போனார். காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, மணி அடிக்கவில்லை. எங்கள் அப்பா பழக்கத்தில் வாளியை எடுத்துக்கொண்டு போய், ஆபீஸ் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அமெரிக்காவும் இங்கிலாந்தும் வாங்கினால்தானே ரப்பருக்கு விலை. அந்த வழி அடைத்துவிட்டது. அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்து சாப்பிட்ட நாடு இது. கப்பலெல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. அரிசிப் பங்கீடு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் மரவள்ளிதான். அவித்துச் சாப்பிட்டோம், காயவைத்து மாவாக்கி ரொட்டி தட்டினோம், இலையைக் கடைந்தோம். உப்பு கிடைக்காது. கால் வீங்கும், விரலால் அமுக்கினால் பள்ளம் அப்படியே நிற்கும். கொய்னா மருந்து இல்லாமல் காய்ச்சலில் போன பிள்ளைகள் எத்தனை பேர். சேலை இல்லாமல் அம்மாவும் அத்தையும் ஒரே சேலையை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். ஒருத்தி வெளியே போனால் மற்றவள் உள்ளே. எனக்குக் கோணிச் சாக்குதான் சட்டை.

கதவைத் திறந்து போட்டுத் தூங்கினோம், அது உண்மை. உள்ளே எடுத்துப் போக என்ன இருந்தது? ஆனால் திருட்டு இல்லை என்று யார் சொன்னது? ராத்திரி கிழங்குக் காட்டில் திருடாத குடும்பமே எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இல்லை. நானே அம்மாவோடு போயிருக்கிறேன். கிழங்கைப் பிடுங்கிவிட்டுத் தண்டைத் திரும்ப மண்ணில் நட்டுவிட்டு வருவோம், காலையில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பார்த்தால் செடி நிற்கிற மாதிரி இருக்கும். ஒரு தடவை ஒருவர் மாட்டிக்கொண்டார். தலைக்கு மேல் கல்லைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நின்றார். அவர் என்னோடு விளையாடிய பையனின் அப்பா. பட்டணத்தில் தலையை வெட்டிக் கம்பத்தில் வைத்திருந்ததைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் யாரும் அதைச் சத்தமாகப் பேசமாட்டார்கள்.

1943-இல் சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று மாதம் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளிப் பணம் கூலி, சாப்பாடு என்றார்கள். முதலில் நம்பிப் போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராததால் அப்புறம் யாரும் போகவில்லை. அப்போதுதான் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வந்தது. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு வைத்துக் கதவைச் சாத்திப் பிடித்துப் போனதும் உண்டு. எங்கள் லயத்திலிருந்து பதினோரு பேர் போனார்கள். இரண்டு பேர் வந்தார்கள். பெயர் எழுதிக் கொடுத்த கிராணியைப் பிறகு எல்லாரும் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். ஆள் கொடுக்காவிட்டால் அவர் பெயரை எழுதியிருப்பார்கள்.

எங்கள் அப்பா வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை ஒரு டின் நிறையச் சேர்த்து வைத்தார். சில வெள்ளிக்கு வாங்கிய ஒரு பிக்குல் (சுமார் 60 கிலோ) அரிசி 1945-இல் ஆயிரக்கணக்கில் விற்றது. வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தான். அப்பா அந்த டின்னைத் தூக்கிப் போடவில்லை. சாகும்வரை கட்டிலுக்கு அடியில் இருந்தது."

தாத்தா இதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பந்தலில் பேசிய அந்தத் தம்பியின் மேல் அவருக்குக் கோபம் இல்லை என்றும் எழுதச் சொன்னார்.


ஈப்போ ரோடு | புதன், இரவு 8:40

ஐயாவுக்கு வணக்கம். தண்டைத் திரும்ப நட்டுவிட்டு வந்த கதையை என் பாட்டியும் சொல்லியிருக்கிறார். அப்போது சிறுவனாக இருந்ததால் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன்.


லயத்துப்பிள்ளை | புதன், இரவு 9:02

ஐயா, வாசித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு இப்போதுதான் வந்தேன். எங்கள் பெரிய தாத்தா எப்படிக் கொண்டுபோகப்பட்டார் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஒருவேளை அவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கும்.

இளையவர்களுக்கு ஒரு விவரம் மட்டும். அந்தப் பாதை 415 கிலோமீட்டர், சயாமிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள். போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர், அதில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு, அதற்கும் மேல் என்பவர்களும் உண்டு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 அளவு, பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். வாந்திபேதி வந்தபோது கூட்டம் கூட்டமாகச் செத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு அப்படி ஒரு பெயர்ப் பலகை கிடையாது.


செம்பனைக்காடு | புதன், இரவு 11:20

ஐயா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. திருட்டைப் பற்றிப் பந்தலில் பேசியது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கலாமா? அது சண்டைக் காலம், அந்நிய ராணுவம். அவர்களுக்கு நம்மேல் என்ன அக்கறை? நான் சொல்வது சொந்த நாட்டுத் தலைவனை. தன் ஜனங்களை நேசிக்கிற ஒருவன், கையில் முழு அதிகாரத்தோடு. அது வேறு இல்லையா?


ரங்கூன் பேரன் | வியாழன், காலை 7:15

தம்பி, சொந்த நாட்டுத் தலைவன் கதை எங்கள் வீட்டில் இருக்கிறது. எங்கள் அம்மாவழித் தாத்தா ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தார். சண்டைக்கு முன் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. பெரியவர் சொன்னாரே, அந்த அரிசி.

1962 மார்ச் 2-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அவரும் தேசபக்தர்தான், ஆங்கிலேயனை எதிர்த்தவர். சோஷலிசத்துக்குப் பர்மிய வழி என்றார். வங்கிகளை எடுத்தார், மொத்த வியாபாரத்தை எடுத்தார், கடைசியில் தெருமுனைக் கடைவரை எடுத்தார். எங்கள் தாத்தாவின் கடைக்கு ஒரு காலையில் சிப்பாய் வந்து சாவியை வாங்கிக்கொண்டு, கல்லாவில் இருந்ததை எண்ணி எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டான். 1964 மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். இந்திய வம்சாவளியினர் சுமார் மூன்று லட்சம் பேர் வெளியேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் என்று ஒரு கடைத்தெரு இருக்கிறதே, அங்கே கடை போட்டவர்கள் அவர்கள்தான். எங்கள் தாத்தா அங்கே போகவில்லை, அக்கா வீட்டை நம்பிப் பேராக்குக்கு வந்தார்.

நம்மவர்கள் போனதோடு பர்மியர்களுக்கு விடிந்ததா? கடையை நடத்தத் தெரியாதவர்கள் கையில் கடை. அரிசி விளைந்த இடத்தில் அரசாங்கம் சொன்ன விலை, அதனால் விளைவித்தவன் ஒளித்தான், நகரத்தில் வரிசை. 1987 செப்டம்பரில் இன்னொரு தடவை, 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது. இந்தத் தடவை மாற்றியும் தரவில்லை. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் காகிதம். அதற்குப் பதிலாக 45 கியாட், 90 கியாட் என்று நோட்டு அடித்தார்கள், ஒன்பதால் வகுபடும் எண் நே வின்னுக்கு ராசி என்பதால். அந்த டிசம்பரில் உலகத்திலேயே மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் பர்மா சேர்ந்தது. அரிசியால் உலகத்துக்குச் சோறு போட்ட நாடு, 25 வருடத்தில்.

45 வெள்ளி நோட்டு அடிப்போம் என்று ஒரு தலைவர் சொன்னால், "ஐயா, கடைக்காரன் சில்லறைக்கு என்ன செய்வான்" என்று ஒரு கிராணியாவது கேட்டிருக்க வேண்டும். அங்கே கேட்கிற ஆள் இல்லை. 1988 ஆகஸ்ட் 8-இல் ஜனங்கள் தெருவுக்கு வந்து கேட்டார்கள், ராணுவம் சுட்டது.


லயத்துப்பிள்ளை | வியாழன், இரவு 8:30

"கேட்கிற ஆள் இல்லை" என்று எழுதினீர்களே, அதைத்தான் நான் மூன்று நாளாகச் சொல்லத் தெரியாமல் தவித்தேன்.

என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மத்தியானம் ஸ்டோரில் பால் நிறுப்பார்கள். நிறுத்த பிறகு பாலில் ரப்பர் எவ்வளவு என்று கண்ணாடிக் குழாய் விட்டுப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லுவார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் கூலி. எழுதுகிறவர் குறைத்து எழுதினால் தெரிந்துகொள்ள வழி இல்லை. ஒரு தடவை ஒருவர் "எனக்கும் குழாயைக் காட்டுங்கள்" என்று கேட்டார். மறுவாரம் அவருக்கு மேட்டு நிறையில் பால் சுரக்காத வறண்ட மரங்கள் கிடைத்தன. அதன் பிறகு அந்த வரிசையில் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அதே ஸ்டோரிலிருந்து மேலே துரைக்குப் போகிற கணக்கு மட்டும் எப்போதும் பச்சைப் பசேல் என்று இருக்கும்.

சீனாவில் 1958-இல் மாவோ பெரும் பாய்ச்சல் என்று ஆரம்பித்ததைப் படித்தபோது எனக்கு அந்த ஸ்டோர்தான் கண்ணில் வந்தது. கம்யூன் என்ற கூட்டுப்பண்ணைகளின் அதிகாரிகள் விளைச்சலைப் பல மடங்கு கூட்டி எழுதி அனுப்பினார்கள். பக்கத்து ஊர் பத்து என்றால் இவர் இருபது என்றார். மேலே அதை நம்பி, அந்தக் கணக்குப்படி தானியத்தை எடுத்துப் போனார்கள். விளைந்ததே அவ்வளவு இல்லாததால் விவசாயியின் சட்டியில் இருந்ததையும் எடுத்தார்கள். கொடுக்க முடியாதவனை ஒளித்து வைத்திருக்கிறான் என்று அடித்தார்கள். 1959 ஜூலையில் லூஷானில் நடந்த கூட்டத்தின்போது பாதுகாப்பு அமைச்சர் பெங் டெஹுவாய் மாவோவுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். ஊரில் நிலைமை கணக்கில் இருப்பதுபோல் இல்லை என்று மரியாதையாக எழுதினார். பதவி போயிற்று. குழாயைக் காட்டச் சொன்னவருக்குக் கிடைத்த அதே வறண்ட மரம். அதன் பிறகு யார் வாய் திறப்பார்கள்? 1959-இலும் அந்த நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியானது. குறைந்த மதிப்பீட்டிலேயே ஒன்றரைக் கோடிப் பேர் செத்தார்கள், மூன்று கோடிக்கும் மேல் என்று சொல்லும் ஆய்வாளர்கள் பலர்.

தம்பி, மாவோ தன் ஜனங்களை நேசிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஏழைகளுக்காக வாழ்நாள் முழுக்கப் போராடியவர். நேசித்தவர் காதுக்கும் உண்மை போய்ச் சேரவில்லை, ஒரு தடவை போனபோது கொண்டுபோனவரைத் தண்டித்தார்.


வரலாறு டீச்சர் | வியாழன், இரவு 9:10

லயத்துப்பிள்ளைக்குத் துணையாக ஒன்று. சோவியத் ஒன்றியத்தில் 1932, 1933 பஞ்சத்தில் உக்ரைனில் மட்டும் 35 லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள். 1933 ஜனவரியில் உக்ரைன் விவசாயிகள் சோறு தேடி உக்ரைனை விட்டு வெளியே போகவே தடை. பசிக்கிறவன் பக்கத்துப் பிரதேசத்துக்குப் போய்ப் பிச்சை எடுக்கவும் முடியாது. 1937-இல் மக்கள்தொகைக் கணக்கெடுத்தார்கள். ஸ்டாலின் எதிர்பார்த்ததைவிடப் பல லட்சம் தலை குறைந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? கணக்கெடுப்பை ரத்து செய்துவிட்டு, கணக்கெடுத்த அதிகாரிகளைக் கைது செய்தார்கள், சிலரைச் சுட்டார்கள்.

இதை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் வகுப்பு அமைதியாகிவிடும்.


கங்காணி வீட்டுப் பேரன் | வெள்ளி, காலை 10:00

எல்லாம் சரி. ஆனால் ஹிட்லர், மாவோ, ஸ்டாலின் என்று மட்டும் பேசினால் வெள்ளைக்காரன் தப்பித்துவிடுவான். அவன் காலத்தில் நம்மிடம் யார் ஓட்டுக் கேட்டார்கள்? தோட்டத்துக்குள் துரை சொன்னதுதான் சட்டம்.

1930-களில் ரப்பர் விலை ஒரு பவுண்டு எடைக்கு 10 சென்னுக்கும் (காசு) கீழே போனது. 50 சென்னாக இருந்த ஆண் கூலி 30 சென்னுக்கும் கீழே இறங்கியது. வேலை இல்லாதவர்களைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள், 1930-இலிருந்து 1932-க்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள். அப்புறம் சண்டை வந்து ரப்பர் விலை ஏறியது, கூலி ஏறவில்லை. 1941-இல் கிள்ளானில் ஆர். எச். நாதன் தலைமையில் தோட்டத்து ஜனங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, கள்ளுக்கடையை மூடுவது, அப்புறம் துரையைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துவது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள்.

வங்காளத்தில் 1943-இல் முப்பது லட்சம் பேர் பசியால் செத்ததும் வெள்ளைக்காரன் ஆட்சியில்தான். லண்டனில் நாடாளுமன்றம் இருந்தது, வங்காளிக்கு அங்கே குரல் இல்லை.

எங்கள் தாத்தா கங்காணி. அவர் துரை பக்கம் நின்றவர் என்பதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.


வரலாறு டீச்சர் | வெள்ளி, மதியம் 1:25

இதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும், நன்றி. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சிறுவனாக அந்த வங்காளப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் ஒழுங்காக இயங்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று பின்னாளில் எழுதியவரும் அவர்தான். காரணம் எளிது. ஜனங்கள் செத்தால் ஆளுகிறவர் பதவி போகும், பத்திரிகை எழுதும். ஓட்டு இருந்தும் வறுமை இருக்கும், சத்துக்குறைவு இருக்கும். அதையும் அவர் மறைக்கவில்லை.


செம்பனைக்காடு | வெள்ளி, இரவு 10:45

சரி, பஞ்சம் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கொரியாவை யாரும் தொடவில்லை. சுகார்த்தோவையும் தொடவில்லை. 1984-இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அடைந்தது, ஐ.நா. உணவு அமைப்பே பாராட்டியது. நான் வேலை செய்யும் தோட்டத்தில் இந்தோனேசியர்கள் இருக்கிறார்கள். வயதான ஒருவர் இன்றும் சுகார்த்தோ காலம்தான் நன்றாக இருந்தது என்கிறார்.


ஈப்போ ரோடு | சனி, காலை 9:30

தம்பி, நானே எழுதுகிறேன், இது நான் கொஞ்சம் படித்த விஷயம்.

கொரியா வளர்ந்தது உண்மை. பார்க்கின் ஆட்சியில் ஏற்றுமதி ஏறியது, மறுக்கவே முடியாது. ஆனால் அந்தச் சட்டையை யார் தைத்தார்கள்? சியோலில் பியோங்ஹ்வா சந்தையில் பதினாலு பதினைந்து வயதுப் பெண் பிள்ளைகள், நிமிர்ந்து நிற்க முடியாத பரண் அறையில், நாளுக்குப் பதினாலு மணி நேரம். அங்கே வேலை செய்த சோன் தே இல் என்ற இளைஞர், தொழிலாளர் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருப்பதையே தற்செயலாகத் தெரிந்துகொண்டார். மனு எழுதினார், அலுவலகம் அலுவலகமாக ஏறினார். 1970 நவம்பர் 13-இல் அந்தச் சட்டப் புத்தகத்தோடு தனக்குத் தீ வைத்துக்கொண்டார். வயது 22. "நாங்கள் இயந்திரங்கள் இல்லை" என்று கத்தினார். 1979-இல் பொய்முடி (விக்) ஆலைப் பெண்கள் ஆலை மூடலை எதிர்த்து எதிர்க்கட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள், போலீஸ் புகுந்து அடித்தது, ஒரு பெண் இறந்தார். அதிலிருந்து கலவரம் பரவி, இரண்டே மாதத்தில் பார்க்கை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். 1987-க்குப் பிறகு அங்கே ஒழுங்கான தேர்தல், சுதந்திரமான தொழிற்சங்கம் எல்லாம் வந்தன. வந்த பிறகு கொரியா ஏழையாகவில்லை. நீங்கள் கையில் வைத்திருக்கும் போன் அதற்குப் பிறகு வந்தது.

சுகார்த்தோவுக்கு வருவோம். அவர் அமர்ந்தது 1965, 1966-இல் குறைந்தது ஐந்து லட்சம் பேரைக் கொன்ற பிறகு. அதில் சுமத்ராவில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர்கள் நிறைய. நம்மைப்போல் ரப்பர் வெட்டியவர்கள், தம்பி. அரிசி கிடைத்தது உண்மை. ஆனால் 1975-இல் பெர்த்தாமினா எண்ணெய் நிறுவனம் 1,000 கோடி டாலருக்கு மேல் கடனில் மூழ்கியிருப்பது திடீரென்று தெரிந்தது. அதுவரை கணக்குக் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. 1997-இல் ஒரு டாலர் 2,400 ரூப்பியா, 1998 ஜனவரியில் 15,000-ஐத் தாண்டியது. நம் பணமும்தான் விழுந்தது. ஆனால் அங்கே வங்கிகள் யார் யாருடைய குடும்பத்துக்குக் கடன் கொடுத்திருந்தன என்று கேட்க முடியாமல் 32 வருடம் போயிருந்தது. 1998 மே 21-இல் அவர் இறங்கினார். அந்த வருடங்களில்தான் படகேறி இங்கே நம் தோட்டங்களுக்கு நிறையப் பேர் வந்தார்கள். உங்களோடு வேலை செய்யும் அந்தப் பெரியவர் எந்த வருடம் வந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.


செம்பனைக்காடு | சனி, இரவு 9:50

கேட்டேன். 1998 ஆகஸ்ட்.

சுகார்த்தோ காலம் நன்றாக இருந்தது என்று ஏன் சொல்கிறார் என்றும் கேட்டேன். "அப்போது எனக்கு ஊரில் வீடு இருந்தது" என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் முழுசாக மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய். இங்கே சங்கம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, இருந்தும் என் சம்பளச் சீட்டில் பிடித்தம் ஏன் என்று கேட்டால் பதில் வருவதில்லை. கேட்க உரிமை இருந்தால் மட்டும் போதாது என்பதையும் இங்கே யாராவது எழுத வேண்டும்.


லயத்துப்பிள்ளை | சனி, இரவு 10:10

நீங்களே எழுதிவிட்டீர்கள் தம்பி, அது நியாயமான வார்த்தை. அந்தச் சீட்டை எடுத்து வையுங்கள். ஈப்போவில் எனக்குத் தெரிந்த தொழிற்சங்கக்காரர் ஒருவர் இருக்கிறார், அடுத்த வாரம் சேர்ந்து போவோம். நீங்கள் தனியாகப் போய்க் கேட்டால் வறண்ட மரம்தான் கிடைக்கும்.

பெரியவர் வீட்டுத் தங்கைக்கு ஒரு கேள்வி. லயத்திலிருந்து சயாமுக்குப் போன பதினோரு பேரின் பெயர் ஐயாவுக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் வந்து எழுதிக்கொள்ளலாமா?


பெரியவர் வீடு | ஞாயிறு, காலை 7:40

அண்ணா, தாத்தாவிடம் கேட்டேன். ஏழு பேரைச் சொன்னார். அதிலும் நான்கு பேருக்குக் கூப்பிடுகிற பெயர்தான் தெரியும், சொந்தப் பெயர் தெரியாதாம். மற்ற நான்கு பேர் எந்தக் கதவு நம்பரில் இருந்தார்கள் என்று சொல்கிறார். லயத்தை நேரில் பார்த்தால் ஞாபகம் வரும் என்றார். லயத்தை இடித்து ரொம்ப வருடம் ஆகிறது என்று சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார். உங்கள் பெரிய தாத்தா எந்தத் தோட்டம், எந்த லயம் என்று தெரியுமா?


லயத்துப்பிள்ளை | ஞாயிறு, காலை 8:15

லிந்தாங் சாலைப் பக்கம் என்பது மட்டும் தெரியும். லயத்துக்குப் பின்னால் ஒரு கிணறும், முனியாண்டி கோயிலும் இருந்ததாகப் பாட்டி சொல்லுவார். தோட்டம் பெயரே மாறிவிட்டது. இப்போது எல்லாம் செம்பனை.


பெரியவர் வீடு | ஞாயிறு, காலை 8:21

கிணற்றுக்கு மேல் வளைந்த மாமரம் ஒன்று இருந்ததா என்று தாத்தா கேட்கிறார்.


செம்பனைக்காடு | ஞாயிறு, காலை 8:50

மாமரம் இல்லை. கிணறு இருக்கிறது, கல் கட்டிய கிணறு, மேலே ஜிங்க் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். முனியாண்டி சூலமும் இருக்கிறது. குலை ஏற்ற அந்தப் பக்கம் வாரத்தில் இரண்டு தடவை போகிறேன். சூலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திச் சாப்பிடுவேன். அங்கே லயம் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

மழை பெய்தால் கார் உள்ளே போகாது. என் மச்சானின் நான்கு சக்கர வண்டியை வாங்கி வருகிறேன், ஐயா முன்சீட்டில் உட்காரலாம். அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிற்கிறேன். லயத்துப்பிள்ளை அண்ணே, நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்.